மார்கழியில் கேட்ட பறை

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுமாறு பேராசிரியர் பணித்தபோது, எம் வகுப்பு நண்பர் ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த பொருளை உடனே சொல்லிவிட்டனர். ஒருவர் கம்பனின் தம்பியரைப் பற்றி எழுதுவேன் என்றார். மற்றொருவர் சிலப்பதிகாரத்தில் மதுரை நகரைச் சுற்றிவரப் புறப்பட்டார். மூன்றாமவர் தேம்பாவணியைக் கையில் எடுத்துக்கொண்டார். எம் முறை வந்தபோது, ஓர் இசைக்குழுவைப் பற்றி எழுத விரும்புகின்றோம் என்றோம். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. "தமிழ்ச் சிறப்பு வகுப்பினருக்குக் கிட்டாரும் ராப்பும் எதற்கு?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரலும் எழுந்தது. பேராசிரியர் மட்டும் சிரித்தாரில்லை. "விரும்புவதை எழுதுவது எளிது, ஏன் விரும்புகின்றோம் என்று எழுதுவதே அரிது. அதனை எழுது" என்றார். அவ்வாணையை மேற்கொண்டே இதனை எழுதத் துணிந்தோம். கற்றறிந்தோர் பிழை பொறுப்பாராக.

முதலில் எம் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில், சமயநல்லூரை அடையுமுன் இருப்பது பரவை. பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். கடலுக்கும் எம் ஊருக்கும் நெடுந்தொலைவு. எம்மிடம் இருப்பது கண்மாய் ஒன்றே. எனினும் மழை நன்கு பெய்த ஆண்டில் அக்கண்மாயின் கரைமேல் நின்று பார்ப்போர், பெயரிட்டவர் பிழை செய்திலர் என்றே கருதுவர். ஊரின் பெயரைப் பிறர்க்கு எழுதிக் காட்டும்போது, இடையின ரகரமா வல்லின றகரமா என்று கேளாதவர் இல்லை. பறவை என்று எழுதுவோர் பலர். இந்த ரகர றகரத் தொல்லை பிற்காலத்தில் எம் வாழ்வில் வேறொரு வடிவில் வரப்போவதை அந்நாளில் யாம் அறிந்திலோம்.

எம் ஊரைத் தமிழ்நாடு அறிந்தது ஒரு பாடகியாரால். நாட்டுப்புறப் பாடல்களை மேடைதோறும் பாடிவந்த பரவை முனியம்மா, 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'தூள்' என்னும் திரைப்படத்தில் பாடித் தோன்றிய பின்னர், ஊரின் பெயரும் அவர் பெயரோடு வீடுதோறும் சென்றது. வெளியூரில் எவரேனும் எம் ஊரைக் கேட்டுப் பரவை என்று சொன்னால், "முனியம்மா ஊரா?" என்பதே மறுமொழி. அவ்வம்மையார் 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் மறைந்தார். பெருந்தொற்றின் காரணமாக நாடே கதவடைத்திருந்த வாரம் அது. பல்லாயிரவர் கூடிய மேடைகளில் பாடியவரை, கூட்டம் கூடி வழியனுப்ப இயலாத நாளில் ஊர் இழந்தது.

அவ்வூரடங்குக் காலத்திலேதான் யாம் அவ்விசைக்குழுவைக் கண்டோம். அப்போது எமக்கு வயது பதினான்கு. பள்ளிப் பாடம் கேட்பதற்கென்று தந்தையார் தம் கைப்பேசியைக் காலையில் எம்மிடம் கொடுத்து, மாலையில் வாங்கிக்கொள்வார். கணக்குப் பாடம் கேட்க வேண்டிய ஒரு முற்பகலில், விரல் தவறியது என்று சொல்ல ஆசைதான்; உண்மையில் விரல் தவறவில்லை. முனியம்மாவின் பாடல்களைத் தேடப் புகுந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றாய்ச் சென்று, இறுதியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவின் காட்சியொன்றில் நின்றோம். அன்று கணக்குப் பாடம் போயிற்று.

அக்குழுவை அறியாதார் பொருட்டு அதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மா அவர்களின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் கூடி உருவாக்கிய குழு அது. ஏறத்தாழ இருபதின்மர் சேர்ந்து, 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறினர். குழுவின் ஆங்கிலப் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடரினின்றும் பிறந்தது. 1845 முதல் 1914 வரை வாழ்ந்து, 1907ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கிய அப்பெரியாரின் சொல், நூறாண்டு கழித்துக் கிட்டாரின் கம்பிமேல் வந்து அமர்ந்தது வியப்பன்றோ!

இனி, அவர் இசையின் இயல்பைக் கூறுவோம். வடசென்னைத் தெருக்களில் பிறந்தது கானா. இழவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்போர்க்குத் துணையாகப் பாடப்படுவது. நகையும் அழுகையும் ஒரே அடியில் நிற்பது. ராப் என்பது அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் தம் தெருவினின்றும் எழுப்பிய பேச்சுப்பாட்டு. ராக் இசை மின்கிட்டாரின் முழக்கம். இவை மூன்றையும் ஒரே மேடையில் நிறுத்தி, அவற்றின் நடுவே பறையையும் சட்டியையும் கட்டமோளத்தையும் வைத்தனர். தனித்தனியே கேட்டால் ஒன்றோடொன்று ஒட்டாதவை எனத் தோன்றும். ஆயின், கிட்டார் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கையில் பறை புகுமாயின், அதுவரை எதற்காகவோ காத்துக்கொண்டிருந்த பாட்டு அப்போதுதான் தொடங்கியது போலிருக்கும். அறிவு என்னும் இளைஞர் சொற்களை விதை தெளிப்பது போல விரைந்து வீசுவார். இசைவாணி என்னும் நங்கையார், ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கானாவைத் தம் குரலால் தமதாக்கிக் கொண்டவர். 2020ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகப் பெண்மணிகள் நூற்றுவர் வரிசையில் அவர் பெயரும் இடம்பெற்றது. இடவொதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, அண்ணல் அம்பேத்கரைப் போற்றி ஒரு பாட்டு. மேடைப் பேச்சாளர் ஒரு மணி நேரம் உரைப்பதை அவர்கள் நான்கு நிமிடத்தில் ஆடிக்கொண்டே சொல்லிவிடுவர். கேட்பவன் ஆடத் தொடங்கிய பின்னரே, தான் எதற்கு ஆடினோம் என்று எண்ணிப் பார்ப்பான்.

ஆனால் யாம் அன்று கணக்குப் பாடத்தை மறந்தது இவற்றால் அன்று. காட்சியில் பறையடிப்பவர் தம் கருவியைத் தோளினின்றும் கழற்றிப் பின்புறம் தெரியுமாறு ஒருகணம் பிடித்தார். மூன்று மரத்துண்டுகளை இணைத்து வட்டமாக்கிய சட்டம் அது. அவ்வட்டத்தை யாம் அறிவோம். நாள்தோறும் அதனைக் கண்டிருக்கின்றோம். எம் வீட்டு அடுக்களையில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் பிரிமணையாகக் கிடந்த மரவளையம் அதுவே!

உடனே எழுந்து சென்று பானையை நகர்த்திப் பார்த்தோம். மூன்று துண்டுகள், இணைப்பிடத்தில் இரும்புப் பட்டை, ஓரத்தில் தோல் ஒட்டியிருந்த தடம், பழுப்பு நிறத்தில். அப்பத்தா வந்து, "பானைய ஏன்டா நகத்துற?" என்று கேட்டாள். "இது என்ன?" என்றோம். அவள் சிறிது நேரம் எம்மையே பார்த்திருந்தாள். பின்பு, "பிரிமணை" என்று சொல்லிப் பானையை மறுபடியும் அதன்மேல் தூக்கி வைத்தாள்.

அன்று தொடங்கிய அன்பு இது. பாட்டின்மேல் கொண்ட அன்பா, பானைக்கடியில் இருந்த மறைபொருளின்மேல் கொண்ட ஆவலா என்று இன்றும் பிரித்துச் சொல்ல எம்மால் இயலாது. அக்குழுவின் பாட்டு ஒவ்வொன்றையும் தேடித் தேடிக் கேட்டோம். தந்தையார் வீட்டிலிருக்கும்போது செவிக்கருவி அணிந்து கேட்டோம்.

அவ்வாண்டின் இறுதியில் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவை நீலம் பண்பாட்டு மையத்தார் சென்னையில் முதன்முறை நடத்தினர். மார்கழி என்றால் சென்னையில் சபைகளின் திங்கள். 1927ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரசு மாநாட்டையொட்டிச் சென்னையில் நடந்த இசை மாநாட்டின் பயனாக, 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றிற்று. அதன் பின்னர் டிசம்பர்த் திங்கள் கருநாடக இசைக்கே உரிய திங்களாயிற்று. அத்திங்களில், கானாவும் ஒப்பாரியும் பறையும் நாட்டுப்புறப் பாடலும் மேடையேற வேண்டும் என்பதே இவ்விழாவின் நோக்கம். இதிலே ஒரு நயம் உண்டு. ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பது பாட்டும் மார்கழிக்கு உரியவை. அவற்றில் ஆயர் சிறுமியர் விடியலில் எழுந்து சென்று கண்ணனிடம் வேண்டுவது என்னை? பறை! உரையாசிரியர் அதற்குக் கைங்கரியம் என்று உட்பொருள் கூறுவர். அது அவர் சமயத்து மரபு. ஆயினும் சொல் பறை என்பதே. மார்கழிதோறும் பறை வேண்டிப் பாடிய நாட்டில், மார்கழி மேடையில் பறைக்கு இடம் கிடைக்க 2020ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டில், அஃதாவது 2021 டிசம்பரில், விழா சென்னையோடு நில்லாமல் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தது. எம் வீட்டு வாயிலில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சென்றிருக்கலாம். ஓராண்டாகக் கைப்பேசியின் சிறு திரையில் கண்டதை நேரில் காணும் பேறு வாயிலுக்கே வந்து நின்றது. யாம் செல்லவில்லை.

இதனைப் பலரிடம் பலவாறாகச் சொல்லியிருக்கின்றோம். கிறிஸ்து பிறப்புக் கீத பவனிக்குப் பயிற்சி இருந்தது என்று சிலரிடம் சொன்னோம். தந்தையார் தடுத்தார் என்று சிலரிடம் சொன்னோம். இரண்டும் பொய்யல்ல. தந்தையார் எம் சபையின் பாடகர் குழுத் தலைவர். அவரிடம் கேட்டபோது, "பறையடிக்கிற இடத்துக்கு நம்ம வீட்டிலிருந்து யாரும் போகவேண்டாம்" என்றார். ஆயினும் முழுவுண்மையை இம்மலரில் எழுதிவிடுவோம். அவர் வேண்டாமென்று சொன்னபோது எம் நெஞ்சின் ஒரு மூலை ஆறுதலுற்றது. எம் பள்ளித்தோழர் சிலர் அவ்விழாவுக்குச் செல்வதாக இருந்தனர். அவர்கள் நடுவே நின்று, பறையொலி கேட்டு எம் உடல் தானே ஆடத் தொடங்குமாயின், இவன் எவ்வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் அறிந்துகொள்வார்களே என்னும் அச்சம் எமக்கிருந்தது. மானத்தோடு நிற்பதைப் பற்றி அக்குழுவினர் பாடிய பாட்டுகளை மனப்பாடம் செய்திருந்த யாம், அவற்றை நேரில் கேட்க நாணினோம். அன்றிரவு மறைந்த மேரி, யோசேப்பின் பயணத்தைப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றோம். எவ்வீட்டில் என்ன பாடினோம் என்பது இன்று நினைவில் இல்லை.

பானைக்கடியில் இருந்த வளையத்தின் வரலாற்றைப் பின்னர் அப்பத்தாவே ஒருநாள் சொன்னாள். எம் பாட்டனார் மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பறையிசைத்தவர். அவருடைய தந்தையார் காலத்திலேயே குடும்பம் திருமுழுக்குப் பெற்றிருந்தது. ஞாயிறு காலையில் ஆலயத்தில் வேதம் கேட்பார், அன்று மாலையே பெரிய வீட்டில் சாவு விழுந்தால் ஆள் வரும், போய் அடிப்பார். போகாமலிருக்க உரிமையில்லை. எம் தந்தையார் அக்காலத்தில் சிறுவர். தோலைக் காய்ச்சுவதற்கு வைக்கோல் கொண்டு செல்வது அவர் வேலை. வெயிலில் நெடுநேரம் நின்று நாவறண்டு நீர் கேட்டால், குவித்த கைகளில் மேலிருந்து ஊற்றுவர். செம்பு கைக்கு வாராது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று, ஆலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருக்கையில், வாயிலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாட்டனார் எழுந்து வெளியே சென்று, "இன்னைக்கு முடியாது, இனிமேலும் முடியாது" என்றார். அவ்வளவே அவர் சொன்னது. அதன்பின் அவ்வூரில் எவரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. கடையில் அரிசியும் கொடுக்கவில்லை. இரண்டு திங்கள் பொறுத்துப் பார்த்துப் பரவைக்கு வந்து சேர்ந்தார்கள். காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கி எம் தந்தையாரைப் படிக்கவைத்தார். வரும்போது பறையின் தோலைக் கிழித்து எறிந்துவிட்டார். மரச்சட்டத்தை எறிய மனம் வரவில்லை, நல்ல வேம்பு. அப்பத்தா அதன்மேல் பானையை வைத்தாள்.

இவ்வரலாற்றைக் கேட்ட பின்னர், தந்தையார் பறையை ஏன் வெறுத்தார் என்பதனை யாம் அறிந்தோம். வெறுப்பு என்றுகூடச் சொல்லுதல் தகாது. இசையில் அவர் குறுகிய மனத்தினர் அல்லர். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு அவர்களின் பாடல்களைத் தந்தையார் விரும்பிப் பாடுவார். 1940இல் பிறந்து 2005இல் மறைந்த அப்பெரியாரைப் பரட்டை அண்ணன் என்றே மக்கள் அழைப்பர். உழைக்கும் மக்களின் மெட்டிலேயே இறைவனைப் பாடவேண்டும், உண்பதும் ஓர் உலையிலிருந்தே உண்ணவேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்க நாட்டு இசையறிஞர் ஜோயி ஷெரினியன் அவரிடம் பயின்று, அவர் இசையைப் பற்றி 2014இல் பெருநூல் ஒன்று வெளியிட்டிருக்கின்றார். நாட்டுப்புற வடிவங்கள் திருச்சபைக்குப் புதியனவும் அல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி இயற்றி இரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இவ்வளவும் தந்தையார்க்குத் தெரியும். மெட்டு வரலாம், கும்மி வரலாம், குறவஞ்சி வரலாம். பறை மட்டும் அவர்க்குக் கருவியன்று, கூப்பிடு குரல்.

கல்லூரிக்கு வந்த முதலாண்டில் யாம் அதனை மறந்திருக்கவே முயன்றோம். நூல்கள் விடவில்லை. தொல்காப்பியர் நிலத்திற்கு உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் எண்ணுகின்றார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரையாசிரியர் விரித்துரைப்பர். பறையில்லாத நிலம் தமிழில் இல்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், ஊருக்குச் சிறப்புடைய குடிகளென நான்கனை எண்ணுகின்றார். அவற்றுள் பறை கொட்டுவோர் குடியும் ஒன்று. அப்பாட்டினைப் பேராசிரியர் நடத்திய அன்று யாம் தலை நிமிரவில்லை. நூல் உயர்த்திச் சொன்ன சொல்லை, தெரு தாழ்த்திச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்க்கு, எதனை நம்புவது என்று உடனே விளங்குவதில்லை. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்றும் ஒரு பொருளுண்டு. யாமோ பறையாதிருந்தோம்.

இரண்டாமாண்டில் முத்தமிழ் விழாவுக்கென்று மாணவர் சிலர் கூடிப் பறையாட்டம் பழகத் தொடங்கினர். அவருள் பெரும்பாலோர், எம்மைப் போலவே அந்த இசைக்குழுவின் பாட்டைக் கேட்டு ஆவல் கொண்டவர். விலைக்கு வாங்கிய பறைகள் நான்கு இருந்தன. விடுதிக்குப் பின்னாலுள்ள மரத்தடியில் பயிற்சி நடக்கும். யாம் தொலைவில் அமர்ந்து படிப்பது போல் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் தலைமை மாணவர் குச்சிகளைக் கை மாற்றிப் பிடித்திருந்தார். குறுகித் தடித்த அடிக்குச்சி இடக்கையிலும், நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி வலக்கையிலும் இருந்தன. அவ்வடியில் எப்படித் தாளம் விழும்? அரைமணி நேரம் பொறுத்தோம். பின் எழுந்து சென்று, "குச்சியை மாற்றிப் பிடியுங்கள்" என்றோம்.

"உமக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார்.

காட்சிகளில் பார்த்தோம் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மையே. ஆனால் பேருந்தில் ஒரு மணி நேரம் செல்லாமல் விட்ட விழா அக்கணத்தில் எம் நினைவுக்கு வந்தது. "எம் பாட்டனார் பறையிசைத்தவர்" என்றோம். மரத்தடியில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கண்டோம். தலைமை மாணவர் தோளிலிருந்த பறையைக் கழற்றி எம்மிடம் நீட்டினார். எமக்கு அடிக்கத் தெரியாது என்று அப்போதுதான் அவரிடம் சொல்லவேண்டியிருந்தது! எல்லாரும் சிரித்தனர், யாமும் சிரித்தோம். அன்றுமுதல் பழகி வருகின்றோம்.

தந்தையாரிடம் இதனை மறைக்கவில்லை. விடுமுறையில் வீட்டுக்குச் சென்று சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை. நெடுநேரம் கழித்து, "மேடையில் அடிக்கிறவன் இறங்கி வந்தால் கலைஞன். தெருவில் அடிச்சவனுக்கு இறங்க இடமே இல்லை, தம்பி" என்றார். இதற்கு யாம் மறுமொழி சொல்ல முயன்றோம். அந்த இசைக்குழுவில் பாடினோர் பலர் தெருவிலிருந்தே மேடையேறியவர் என்றோம். மேடையே இல்லாதவர்க்கு மேடை அமைத்ததுதானே மக்களிசை விழா என்றோம். அவர் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை யாமும் மறுக்க இயலவில்லை. குவித்த கையில் நீர் வாங்கிக் குடித்தவர் அவர், யாம் குடித்ததில்லை. எம் அன்பு பெரிதாயினும், அவர் நினைவு அதனினும் மூத்தது.

கடந்த டிசம்பரில் கல்லூரிப் பறையொன்றைப் பழகுவதற்காக வீட்டுக்குக் கொண்டுசென்றோம். மூன்று நாள் விடாத மழை. திண்ணையில் அமர்ந்து மெல்ல அடித்தோம். ஒலி எழவில்லை, நனைந்த சாக்கின்மேல் அடிப்பது போலிருந்தது. உள்ளே தந்தையார் கீத பவனிக்குப் பாட்டுத் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். யாம் மறுபடியும் அடித்தோம். அவர் தாள்களைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. வெளியே வந்தார்.

"ஈரம் ஏறியிருக்கு. இப்படி அடிச்சால் தோல் கிழியும். போய் வைக்கோல் கொண்டுவா" என்றார்.

பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலிலிருந்து ஒரு பிடி வைக்கோல் வாங்கி வந்தோம். அவர் தாழ்வாரத்தில் குந்தித் தீ மூட்டினார். பறையை இரு கைகளாலும் பிடித்து, நெருப்புக்கு மேல் ஓரிடத்தில் நில்லாதபடி சுழற்றிக்கொண்டேயிருந்தார். இடையிடையே விரல் முட்டியால் தட்டிச் செவியருகே வைத்துக் கேட்டார். மறுபடியும் காட்டினார், மறுபடியும் தட்டினார். அப்பத்தா அடுக்களை வாயிலில் வந்து நின்றாள். நாற்பது ஆண்டுக்கு மேலாக அக்கைகள் செய்யாத வேலை அது. ஆயினும் கைகள் மறந்திருக்கவில்லை. இறுதியாக அவர் உள்ளங்கையால் ஒருமுறை அடித்தார். ஒரே ஓர் அடி. அவ்வொலி தெருவின் கோடி வரை சென்றது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

தந்தையார் பறையை எம்மிடம் தந்தார். "நான் அடிக்கமாட்டேன். நீ அடி. ஆனால் எவன் கூப்பிட்டாலும் போகாதே, உனக்குத் தோணினால் போ" என்றார். பின் உள்ளே சென்று பாட்டுத் தாள்களை விட்ட இடத்திலிருந்து வரிசைப்படுத்தத் தொடங்கினார்.

பேராசிரியர் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. அக்குழுவின் இசை பலவகைப்பட்டது, புதுமையானது, ஆட வைப்பது என்று பலரும் சொல்லுவர், யாமும் சொல்லுவோம். ஆயினும் யாம் அதனை விரும்புவது, எம் அடுக்களையில் பானைக்கடியில் இருந்தது இன்னதென்று எமக்குச் சொன்னது அது என்பதனாலேயே. மக்களிசை விழா இன்னொரு மார்கழியில் மதுரைக்கு வருமாயின், பரவையில் பேருந்து ஏறுவோம். தந்தையாரையும் அழைப்போம். வருவார் என்று சொல்லத் துணியோம். வாரா விடினும், புறப்படுமுன் தோலைக் காய்ச்சித் தருவார் என்று நம்புகின்றோம்.